கப்பலில் போய் விமானத்தில் திரும்பலாமா?

நாகப்பட்டினத்துக்கு இலங்கை எந்தத் திசையில் இருக்கிறது?

கிழக்கே என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனால் நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குப் போகும் கப்பல் கிழக்கே போவதில்லை. ஏறக்குறைய நேர் தெற்கே போகிறது. தூரம் சுமார் 110 கிலோ மீட்டர். நான்கு மணி நேரப் பிரயாணம். காலைப் பலகாரத்தை நாகையில் முடித்துக்கொண்டு ஏறினால், பிற்பகல் சாப்பாட்டை யாழ்ப்பாணத்தில் சாப்பிடலாம்.

இவ்வளவு பக்கத்தில் இருக்கிற ஊருக்குப் போவதற்கு ஏன் இத்தனை யோசனை? கப்பல் போகுமா, போகாதா என்று ஏன் ஒவ்வொரு மாதமும் விசாரிக்க வேண்டியிருக்கிறது? காரணம் தெரிந்தால், பிரயாணத்துக்குத் திட்டம் போடுவது எளிது.

ஒரே டிக்கெட்

நம் பாட்டனார் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. 1914ல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதன் பிறகு, சென்னை எழும்பூரில் கொழும்புக்கு ஒரே டிக்கெட் வாங்கலாம். ரயில் தனுஷ்கோடி வரை போகும். அங்கே நீராவிக் கப்பல் காத்திருக்கும். சுமார் 35 கிலோ மீட்டர் கடலைத் தாண்டினால் தலைமன்னார். அங்கே கொழும்பு ரயில் தயாராக நிற்கும். ‘போட் மெயில்’ என்று அதற்குப் பெயர். வியாபாரிகளும் உத்தியோகஸ்தர்களும் அதில் போனார்கள். தேயிலைத் தோட்டத்துக்குப் போன ஏழைத் தொழிலாளர்களும் அந்த வழியேதான் போனார்கள். ஆனால் அவர்களை நேரே விடவில்லை. மண்டபம் முகாமில் பல நாள் தங்க வைத்து, நோய் இல்லை என்று பார்த்த பிறகே கப்பலில் ஏற்றினார்கள்.

1964 டிசம்பர் 22ந் தேதி இரவு புயல் அடித்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பயணி ரயிலைக் கடல் விழுங்கியது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். தனுஷ்கோடி அழிந்தது. அந்த ரயில் பாதை மறுபடியும் போடப்படவில்லை. பிறகு ராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் விட்டார்கள். 1980க்குப் பின் இலங்கையில் போர் மூண்டது. அந்தக் கப்பலும் நின்றது.

அதற்குப் பிறகு இந்தக் கடலைத் தாண்டியவர்கள் யார்? 1983 முதல் உயிருக்குப் பயந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, படகுகளில் வந்து இறங்கிய தமிழ் அகதிகள். டிக்கெட் ஏது? விசா ஏது?

எடுத்தார்கள், நிறுத்தினார்கள்

போர் 2009ல் முடிந்தது. 2011 ஜூன் மாதம் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பெரிய கப்பல் ஒன்று புறப்பட்டது. நல்ல கப்பல்தான். ஆனால் அதை நிரப்புகிற அளவுக்கு ஆட்கள் ஏறவில்லை. நவம்பரிலேயே அது நின்றுவிட்டது.

அடுத்த கப்பலுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2023 அக்டோபர் 14ந் தேதி நாகையிலிருந்து ‘செரியபாணி’ என்ற கப்பல் காங்கேசன்துறைக்குப் புறப்பட்டது. இரண்டு நாட்டிலும் பெரிய விழா! வழக்கமான கட்டணம் வரியோடு ரூ. 7,670. ஒரு வாரம் கூட ஆகவில்லை. 20ந் தேதியோடு நிறுத்தினார்கள். என்ன காரணம்? வடகிழக்குப் பருவ மழை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் நாகைக் கடல் கொந்தளிக்கும் என்பது அங்கே மீன் பிடிக்கிற சிறுவனுக்கும் தெரியும். விழாவுக்கு நாள் குறித்தவர்கள் அவனைக் கேட்டிருக்கலாம்!

2024 ஆகஸ்டு 16ந் தேதி ஒரு தனியார் கம்பெனி ‘சிவகங்கை’ என்ற கப்பலை விட்டது. 150 பேர் உட்காரலாம். சாதாரண இருக்கைக்கு ஏறக்குறைய ரூ. 5,000. மழைக் காலத்தில் நிறுத்தி, 2025 பிப்ரவரியில் மறுபடியும் தொடங்கினார்கள்.

இப்போது அடிப்படை விஷயத்துக்கு வருவோம். போட் மெயில் ஏன் நிலைத்தது? கப்பலுக்கு முன்னால் ஒரு ரயில், பின்னால் ஒரு ரயில். தபாலும் சரக்கும் அதே வழியில் போயின. கப்பல் ஆட்களை மட்டும் நம்பி ஓடவில்லை. நாகைக் கப்பல் அப்படியல்ல. ஆட்களை மட்டும் ஏற்றுகிற சிறிய கப்பல் அது. ஆண்டில் சில மாதம் கரையில் நிற்க வேண்டும். நின்றாலும் செலவு நிற்காது. அதனால் டிக்கெட் விலை ஏறுகிறது. விலை ஏறினால் ஆள் குறைகிறது. ஆள் குறைந்தால் கப்பல் நிற்கிறது. இந்தச் சுழலை உடைக்க, இந்திய அரசாங்கம் கப்பல் நடத்தும் செலவுக்கு உதவிப் பணம் கொடுக்க முன்வந்தது. காங்கேசன்துறைத் துறைமுகத்தைச் சீர்திருத்த 6 கோடி டாலருக்கு மேல் நன்கொடையும் அறிவித்தது. துறைமுகம் பெரிதாகிச் சரக்கும் ஏறினால்தான் பிரயாணி டிக்கெட் உண்மையில் இறங்கும் என்பது என் எண்ணம்.

ஆகாய வழி

கடல் வழி தடுமாறிக்கொண்டிருந்தபோது ஆகாய வழி திறந்துவிட்டது. பலாலி விமான நிலையம் 2019 அக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் ஆயிற்று. மறு மாதமே சென்னையிலிருந்து விமானம் வந்தது. 2020ல் கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரில் மறுபடியும் பறந்தது. 2025 மார்ச் 30ந் தேதி திருச்சியிலிருந்தும் யாழ்ப்பாணத்துக்கு விமானம் தொடங்கியது. சென்னையிலிருந்து ஒன்றேகால் மணி நேரத்தில் போய் இறங்கலாம்.

அப்படியானால் கப்பல் யாருக்கு?

சென்னைக்காரருக்கு அல்ல. அவர் நாகைக்கு வருவதற்கே ஓர் இரவு ஆகும். பஸ் செலவு, விடுதிச் செலவு எல்லாம் சேர்த்தால் மிச்சம் ஒன்றும் இராது. விமானத்தில் போவதே அவருக்கு லாபம். தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், காரைக்கால் குடும்பங்களுக்குக் கப்பல் வீட்டு வாசலில் நிற்கிறது. இன்னொரு கூட்டமும் உண்டு. முகாம்களில் நாற்பது ஆண்டு வாழ்ந்துவிட்டு, சொந்த ஊருக்குத் திரும்ப நினைக்கிற அகதிக் குடும்பங்கள். தையல் இயந்திரத்தையும் பாத்திரம் பண்டங்களையும் ஆகாய விமானத்தில் ஏற்ற முடியுமா? அவர்கள் கப்பல் கேட்டதற்குக் காரணம் இதுதான்.

திட்டம் போடுவது எப்படி?

கும்பகோணத்துக் குடும்பம் ஒன்று கோடை விடுமுறையில் இலங்கை பார்க்க விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். போக, வர இரண்டுக்கும் கப்பலை நம்புவது சரியல்ல. போகும்போது கப்பல், வரும்போது விமானம் என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏன்? காற்று அடித்துக் கப்பல் நின்றால், போகிற நாளில் நஷ்டம் குறைவு. நாகையில் ஒரு நாள் தங்கலாம். வீட்டுக்கே திரும்பிவிடலாம். திரும்புகிற நாளில் நின்றால்? அந்நிய நாட்டில் விடுதி வாடகை ஏறும். கையில் பணம் கரையும். பள்ளிக்கூடம் திறந்துவிடும்.

இன்னொரு லாபமும் உண்டு. காங்கேசன்துறை இலங்கையின் வடக்குக் கரையில் இருக்கிறது. முதலில் கீரிமலை, நல்லூர்க் கந்தசாமி கோயில் பார்க்கலாம். குறிகட்டுவானில் படகு ஏறி நயினாதீவு நாகபூஷணி அம்மனைத் தரிசிக்கலாம். பிறகு திருகோணமலை கோணேசுவரர், கண்டி, நுவரெலியா என்று தெற்கே இறங்கிக்கொண்டே போகலாம். கடைசியில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் விமானம் ஏறலாம். கப்பலிலேயே திரும்ப வேண்டுமானால் கொழும்பிலிருந்து சுமார் 400 கிலோ மீட்டர் மறுபடியும் வடக்கே வர வேண்டும். பார்த்த ஊரையே பார்த்துக்கொண்டு!

விமானத்துக்கு நாள் குறிக்கும்போது, கப்பல் இரண்டு நாள் தாமதமானாலும் எட்டிப் பிடிக்கும்படி குறிக்க வேண்டும். கப்பல் நின்றால் பணம் திரும்பக் கிடைக்குமா, எத்தனை நாளில் கிடைக்கும் என்று டிக்கெட் வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும். மூட்டையின் எடையையும் கேளுங்கள். கப்பல்தானே என்று அரிசி மூட்டை கட்ட வேண்டாம். கணக்குக்கு மேல் போனால் காசு கேட்பார்கள்.

பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்ல வேண்டும். கைக்குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் தேவை. விசாச் சட்டம் அடிக்கடி மாறுகிறது. அரசாங்க அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே பணம் கட்டுங்கள். கட்டணத்தைக் கேட்டால், எந்த ரூபாய் என்றும் கேளுங்கள். நம் ஒரு ரூபாய்க்கு இலங்கை ரூபாய் மூன்றுக்கு மேல் கிடைக்கும். அங்கே சாப்பாட்டு விலையைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம்.

கடலில் தலை சுற்றுகிறவர்கள் வயிறு முட்டச் சாப்பிட்டு ஏறக் கூடாது.

அங்கிருந்து வருகிறவர்கள்

யாழ்ப்பாணத்துக் குடும்பங்களின் கணக்கு வேறு. வைத்தியத்துக்கு வருகிறவருக்கு விமானம்தான் ஏற்றது. நோயாளி காற்றுக்கும் மழைக்கும் காத்திருக்க முடியாது. யாத்திரை வருகிறவருக்குக் கப்பலைப் போல வசதி வேறு இல்லை. நாகையில் இறங்கினால் ஒரு பக்கம் நாகூர் தர்கா, மறு பக்கம் வேளாங்கண்ணி மாதா கோயில். இரண்டும் கூப்பிடு தூரம். திருநள்ளாறும் சிதம்பரமும் அப்பால் இருக்கின்றன. இவர்களும், நாகையிலிருந்து எந்தத் துறைமுகம் வழியாக நுழைய விசா செல்லும் என்பதை முன்னதாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வேளாங்கண்ணியில் ஆகஸ்டு 29ந் தேதி கொடி ஏறும். செப்டம்பர் 8ந் தேதி திருவிழா. பெரிய மழைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கும். அந்தப் பத்து நாளில் வர நினைக்கிறவர்கள் ஆனி மாதமே கப்பலில் இடம் பிடித்து வைப்பது நல்லது.