பத்துக் கட்டளை - பம்மல் பதிப்பு

போகிக்குப் பரணைச் சுத்தம் செய்தபோது, உடைந்த மிக்ஸிக்கும் பழைய சூட்கேஸுக்கும் நடுவிலிருந்து ஒரு காகிதம் விழுந்தது. நாலாக மடித்தது. பிரித்தால், 'தெருவாசிகளின் கவனத்துக்கு' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கீழே பத்துக் கட்டளைகள். அதற்கும் கீழே அடியேன் கையெழுத்து.

"இதையும் எரிச்சிடலாமா?" என்றாள் என் மனைவி, ஏற்கெனவே என் பழைய பனியன்களை எரித்த உற்சாகத்தில்.

"வேண்டாம்" என்று பிடுங்கி சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். காரணம் இருக்கிறது. காகிதத்தின் பின்பக்கத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

* * *

2020 மார்ச் 24 மாலை ஆறு மணிக்கு தமிழ்நாட்டில் 144. அன்று இரவே டி.வி.யில் பிரதமர் வந்து, நள்ளிரவு முதல் நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு என்றார். மறுநாள் காலை பம்மலில் ஓர் அதிசயம் நடந்தது. விமானச் சத்தம் இல்லை!

மீனம்பாக்கத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். பேசிக்கொண்டே இருப்போம், மேலே விமானம் வரும், பாதி வாக்கியத்தில் நிறுத்துவோம், போனதும் மீதி பாதியைச் சொல்வோம். உள்நாட்டு விமானங்கள் மறுபடி பறந்தது மே 25-ம் தேதி. அந்த இரண்டு மாதமும் என் மனைவி சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு முழுசாகக் கேட்டது. "இத்தனை வருஷமா பிளேன் சத்தத்துல தப்பிச்சிட்டிருந்தீங்க" என்றாள்.

அடுத்த பிரச்னை, நாங்கள் யார் என்பது. சிரிக்காதீர்கள். தபால்காரருக்கு நாங்கள் சென்னை-75. கலெக்டருக்கு செங்கல்பட்டு மாவட்டம் (அந்த மாவட்டம் பிறந்தே நாலு மாசம்தான் ஆகியிருந்தது, 2019 நவம்பர் 29). போலீஸுக்கு அப்போது சென்னை பெருநகரம். குப்பை அள்ள பம்மல் நகராட்சி. அனகாபுத்தூர் தாண்டி குன்றத்தூர் போனால் காஞ்சிபுரம் மாவட்டம், கிண்டி ஆபீஸுக்குப் போனால் சென்னை மாவட்டம். இ-பாஸ் என்று ஒன்று வந்ததும் குழப்பம் உச்சத்துக்குப் போய்விட்டது. டி.வி.யில் "சென்னையில் மட்டும்" என்று சொன்னால் அது நமக்கா, பக்கத்து வீட்டுக்கா என்று தெருவே விவாதிக்கும்.

கவுன்சிலரிடம் கேட்கலாமே என்பீர்கள். இருந்தால்தானே! 2016 அக்டோபரோடு கவுன்சிலர்கள் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த நகர்ப்புறத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19. ஆக, ஊரே வீட்டுக்குள் இருந்தபோது, வார்டுக்குள் போய்க் கேட்க ஓர் ஆள் இல்லை.

எனவே எங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப் கூடி, தானே ஒரு வழிகாட்டி தயாரிப்பது என்று தீர்மானித்தது. செயலாளர் பதவிக்கு என்னை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். என் தகுதி: வீட்டில் பிரிண்டர் இருந்தது.

* * *

பதவி கிடைத்தால் ஆசாமி மாறிவிடுவான் என்பது நிஜம். ஆபீஸில் லீவ் லெட்டர்கூட நாலு தடவை அடித்துத் திருத்தி எழுதுகிறவன், அன்று ஒரே மூச்சில் பத்துக் கட்டளை அடித்தேன். எல்லாமே 'கூடாது'.

இரண்டாவது கட்டளை: ஒரு வீட்டிலிருந்து ஒருவருக்கு மேல் கடைக்குப் போகக்கூடாது.

மூன்றாவது: யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்டக்கூடாது.

ஆறாவது: கீரை வண்டி, மீன் வண்டி எதுவும் தெருவுக்குள் வரக்கூடாது.

ஒன்பதாவது: ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர்கள் தற்காலிகமாக வேறு இடம் பார்த்துக்கொள்வது நல்லது.

பத்தாவது: மீறுபவர்கள் பெயர் குரூப்பில் வெளியிடப்படும்.

அரசாங்கம் அப்போது கையிலெடுத்தது 1897-ம் வருஷத்து தொற்றுநோய்ச் சட்டம். வெள்ளைக்காரன் பம்பாய் பிளேக்குக்காகப் போட்டது. மூலத்தில் மொத்தமே நாலு பிரிவு. ஒரு சாம்ராஜ்யத்துக்கே நாலு போதும் என்று அவன் நினைத்திருக்க, எங்கள் முப்பத்தெட்டு வீட்டுத் தெருவுக்கு நான் பத்து போட்டேன்.

கட்டளைகளின் கதி என்ன ஆயிற்று? கடை நேரம் முதலில் பிற்பகல் இரண்டரை வரை, ஏப்ரல் 5 முதல் ஒரு மணி வரை என்று மாற, நோட்டீஸில் பேனாவால் அடித்து அடித்து அது ராமர் பச்சைப் பெட்டிக் கணக்குப்பிள்ளை நோட்டு மாதிரி ஆகிவிட்டது. ஆறாவது கட்டளையை மீறிய முதல் ஆள் எங்கள் சங்கத் தலைவரே. பையில் வஞ்சிரத்தோடு மாட்டிக்கொண்டார்.

"வண்டி தெருவுக்குள்ள வரலையே ஸார். முனையில நின்னுச்சு. நான்தான் தெருவுக்கு வெளிய போனேன்" என்றார். வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவர்.

ஆக, எல்லாரும் மீறினோம். நானும்தான். பத்தையும் அட்சரம் பிசகாமல் பின்பற்றியவர் தெருவிலேயே ஒருத்தர்தான். மூணாம் நம்பர் வீட்டுப் பெரியவர். ரிட்டயர் ஆனவர், தனி ஆள், பையன் வெளிநாட்டில். "ரூல்ஸ்னா அதுக்கு மரியாதை கொடுக்கணும் ஸார்" என்று மாடியிலிருந்து சொல்வார். நான் பெருமையாகத் தலையாட்டுவேன்.

* * *

2020 ஜூன் 19 முதல் சென்னையையும் சுற்றுவட்டாரத்தையும் மறுபடி முழுசாக மூடினார்கள். போலீஸ் எல்லைக் கணக்கில் இந்தத் தடவை நாங்கள் சந்தேகமில்லாமல் சென்னை. மளிகை, காய்கறி காலை ஆறிலிருந்து பகல் இரண்டு வரை. வண்டி எடுக்கக்கூடாது, இரண்டு கிலோமீட்டருக்குள் நடந்து போய் வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதுவும் கிடையாது, பாலும் மருந்தும் மட்டும்.

22-ம் தேதி திங்கள் காலை, பால் போடும் பையன் என் கேட்டில் வந்து நின்றான்.

"ஸார், மூணாம் நம்பர்ல நேத்துப் பாலே பையில இருக்கு. எடுக்கல."

போனேன். கேட்டுக்கு வெளியே நின்று போன் அடித்தேன். உள்ளே மணி அடிப்பது எனக்கே கேட்கிறது, எடுக்கவில்லை. கை கதவை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. பக்கத்துத் தூணில் ஒட்டியிருந்த மூன்றாவது கட்டளை என்னைப் பார்த்தது. வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு நிமிஷமாவது அப்படியே நின்றிருப்பேன். உள்ளே போனால் எனக்கு வந்துவிடுமோ என்ற பயம்தான். கட்டளை எல்லாம் அந்தப் பயத்துக்குப் போட்ட சட்டை.

பிறகு தெருக்கோடி மாடி போர்ஷனுக்கு ஓடினேன். அங்கேதான் அந்த நர்ஸ் குடியிருந்தார். நைட் டியூட்டி முடித்து அப்போதுதான் வந்திருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ஒன்பதாம் நம்பர் ரூல்படி நான் வரலாமா ஸார்?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் படி இறங்கிவிட்டார்.

கதவு வெறுமனே சாத்தித்தான் இருந்தது. பெரியவர் கட்டிலில். கண் திறந்திருந்தது, எழுந்திருக்க முடியவில்லை, நாக்கு வறண்டு பேச்சு குழறியது. சிஸ்டர் விரலில் குத்தி சர்க்கரை பார்த்தார். என்ன எண் வந்தது என்று என்னிடம் சொல்லவில்லை. "108-க்கு அடிங்க ஸார்" என்றார், அவ்வளவுதான்.

கொரோனா இல்லை. சர்க்கரை மாத்திரை தீர்ந்து ஒன்பது நாளாகியிருந்தது. மருந்துக்கடை அரை கிலோமீட்டர்தான், ஞாயிற்றுக்கிழமைகூடத் திறந்திருந்தது. ஆனால் அவருக்கு முட்டிவலி. எப்போதும் ஆட்டோவில் போய் வருகிறவர். இப்போது ஆட்டோ இல்லை. சரி, பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?

ஆறு நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் இதை நானே அவரிடம் கேட்டேன்.

"நீங்கதானே ஸார் எழுதியிருந்தீங்க, யாரும் யார் கதவையும் தட்டக்கூடாதுன்னு" என்றார். குத்தலே இல்லை. நிஜமாகவே விளக்கம் சொல்வது போல.

* * *

அதே வாரம் சாயங்காலம் சிஸ்டர் என் வீட்டு வாசலில். கையில் என் நோட்டீஸ். தூணிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்திருந்தார். திட்டப்போகிறார் என்று தயாரானேன்.

"தெருவுல யார் தனியா இருக்காங்க, யாருக்கு சுகர், யாருக்கு பிரஷர்னு லிஸ்ட் வச்சிருக்கீங்களா ஸார்?"

"இல்லையே சிஸ்டர்."

"அப்போ இதை எதை வச்சு எழுதுனீங்க?"

என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.

ஏப்ரலிலேயே அவர் வீட்டுக்காரர் என் நோட்டீஸைக் காட்டித்தான் "காலி பண்ணிக்கிறீங்களாம்மா?" என்று கேட்டாராம். அன்றைக்குத்தான் தெரிந்தது. மருத்துவ ஊழியர்களைத் தாக்குவதும், குடியிருக்க விடாமல் தொந்தரவு செய்வதும் குற்றம் என்று 2020 ஏப்ரல் 22-ம் தேதியே அவசரச் சட்டம் வந்திருந்தது. என் ஒன்பதாவது கட்டளை கம்பி எண்ணும் தூரத்தில்தான் நின்றிருக்கிறது!

இரண்டு சாயங்காலம், கேட்டுக்கு வெளியே நின்றபடி முப்பத்தெட்டு வீடும் போனோம். கேள்வி ஒன்றுதான்: "உங்களால எது முடியாது?" வந்த பதில்களைக் கேட்டு அசந்துபோனேன். தினம் குட் மார்னிங் ரோஜா அனுப்பும் வீட்டில், வாரம் இருமுறை டயாலிசிஸ். எதிர்வீட்டு மருமகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். தோல் பதனிடும் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர் வீட்டில் மார்ச்சுக்குப் பிறகு சம்பளமே இல்லை, யாரிடமும் சொல்லவில்லை. தனியாக இருக்கும் பெரியவர்கள் மூணு பேர். நான் பல வருஷமாக அதே தெருவில் இருக்கிறேன், எனக்கு எதுவும் தெரியாது.

அப்புறம் வேலை சுலபம். பைக்கை எடுக்க முடியாமல் தவித்த வாலிபப் பையன்கள் ஆளுக்கு இரண்டு வீடு எடுத்துக்கொண்டார்கள். காலையில் ஒரு போன், வாரம் ஒருமுறை மாத்திரைச் சீட்டை வாங்கி மருந்துக்கடைக்கு நடை. 2021 மே மாதம் இரண்டாவது அலை அடித்து ஊர் மறுபடி மூடியபோது, நோட்டீஸ் அடிக்கவே இல்லை. லிஸ்டை எடுத்தோம், வேலையை ஆரம்பித்தோம்.

இப்போது நாங்கள் தாம்பரம் மாநகராட்சி (2021 நவம்பரிலிருந்து). கவுன்சிலர், மேயர் எல்லாம் வந்தாகிவிட்டது. சிஸ்டர் மாற்றலாகி வேறு ஊர் போய்விட்டார். மூணாம் நம்பர் பெரியவர் சௌக்கியம். பையன்கள் வராவிட்டால் அவரே போன் பண்ணி அதட்டுகிறார்.

நீங்களும் ஆபீஸ் போய் வரும் ஆசாமியாக இருந்தால் ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டிலிருந்து மூணாவது வீட்டில் யார் இருக்கிறார்கள், என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று இந்த ஞாயிற்றுக்கிழமை விசாரித்து வையுங்கள். அடுத்தது கொரோனாவாகத்தான் வரவேண்டும் என்றில்லை. எங்கள் பக்கம் டிசம்பர் வெள்ளமாகவும் வரும்.

காகிதத்தின் பின்பக்கம் என்று சொன்னேன் அல்லவா? சிஸ்டர் அந்த லிஸ்டை என் நோட்டீஸின் முதுகிலேயே எழுதியிருந்தார். அன்று இரவு பிரித்துக் கடைசி வரைக்கும் படித்தேன். எங்கள் வீட்டு நம்பருக்கு எதிரே அவர் கையெழுத்தில்: 'ஸாருக்கு பி.பி. மாத்திரை போட மறப்பார்.'

"என்னங்க, மாத்திரை போட்டாச்சா?" என்று உள்ளேயிருந்து குரல்.

நல்லவேளை, அந்த நேரம் பார்த்து மேலே ஒரு விமானம் போயிற்று.