அவரையா, அவருக்கா?

காரைக்காலில் இன்று பிரெஞ்சு படிக்கிற பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தை இடையில் வைத்தே சொல்லிக்கொடுக்கிறார்கள். வீட்டு வாசலில் தமிழ் இருக்க, ஊரைச் சுற்றிப் போவானேன் என்பது என் கட்சி. குறிப்பாக ஓர் இடத்தில் ஆங்கிலம் பிள்ளையின் கண்ணைக் கட்டிவிடுகிறது. அந்த இடம் நம் நான்காம் வேற்றுமை. 'ஐயோ, இலக்கணமா!' என்று எழுந்துவிடாதீர்கள். ஒரு மாம்பழத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

மாங்கனித் திருவிழாவின் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. பரமதத்தன் கடையிலிருந்து இரண்டு மாங்கனிகளை வீட்டுக்கு அனுப்பினான். பசியோடு வந்த சிவனடியாருக்கு அம்மையார் அதில் ஒன்றைப் படைத்தார். இதை வாக்கியமாக்குவோம்: 'அம்மையார் அடியாருக்கு மாங்கனியைக் கொடுத்தார்.' அம்மையார் எழுவாய். எதைக் கொடுத்தார்? மாங்கனியை, அது இரண்டாம் வேற்றுமை. யாருக்கு? அடியாருக்கு, அது நான்காம் வேற்றுமை. கோப்புகளோடு காலம் தள்ளியவன் பாஷையில் சொன்னால் அனுப்புநர், தபால், பெறுநர்.

பெயர்களை எடுத்துவிட்டு, 'அவர் அதை அவருக்குக் கொடுக்கிறார்' என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சில் 'எல் லா லுய் தொன்'. 'எல்' கொடுப்பவர். 'லா' என்றால் அதை. மாம்பழம் பிரெஞ்சில் பெண்பால். 'லுய்' என்றால் அவருக்கு. நம் 'அவருக்கு' ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. 'லுய்' என்பதும் அப்படியே. பலருக்கு என்றால் 'லேர்', அதாவது அவர்களுக்கு. எங்கள் பள்ளி நாளில் இதைக் கண்டுபிடிக்க 'ஆ கி?' என்று கேட்கச் சொல்வார்கள். அதன் பொருள் 'யாருக்கு?' என்பதுதான்.

இப்போது ஆங்கிலத்துக்கு வாருங்கள். 'ஐ சா ஹிம்' என்றால் அவரைப் பார்த்தேன். 'ஐ கேவ் ஹிம் எ மேங்கோ' என்றால் அவருக்கு மாம்பழம் கொடுத்தேன். இரண்டுக்கும் ஒரே 'ஹிம்'. பிரெஞ்சிலோ முதலாவது 'லெ', இரண்டாவது 'லுய்'. 'ஹிம்' என்ற சொல்லைப் பார்த்து எதைப் போடுவது என்று பிள்ளை எப்படிக் கண்டுபிடிக்கும்? மனப்பாடம்தான் கதி. 'அவருக்குப் போன் செய்தேன்', 'அவருக்குப் பதில் எழுதினேன்', 'அவருக்குக் கீழ்ப்படிந்தேன்' என்று தமிழில் நினைத்தால் மூன்றிலும் கு வருகிறது. பிரெஞ்சிலும் மூன்றுக்கும் 'லுய்'.

சில மாதங்களுக்கு முன் எங்கள் தெருப் பெண் ஒருத்தி பிரெஞ்சுக் கடிதம் ஒன்றைப் பார்வையிடக் கொண்டுவந்தாள். கணவன் பிரான்சில். மாமனாருக்குப் பத்திரங்களை அனுப்பியதாகச் சொல்ல வந்தவள், 'ழெ லே ஆன்வுவாயே' என்று எழுதியிருந்தாள். அது 'அவரை அனுப்பினேன்' என்றாகிவிடும். விதி எதுவும் சொல்லாமல், "அவரையாம்மா அனுப்பினே, அவருக்கா?" என்றேன். "அவருக்குத்தான் தாத்தா" என்று சிரித்துவிட்டுத் தானே 'லுய்' போட்டுத் திருத்திவிட்டாள். பிரான்சில் குடியேறுகிறவர்களுக்கும் குடியுரிமை கேட்கிறவர்களுக்கும் மொழித் தேர்ச்சி வேண்டும் என்கிறார்கள். இது வெறும் பள்ளிக்கூட விவகாரம் அல்ல.

எல்லா இடத்திலும் தமிழும் பிரெஞ்சும் கைகோத்துப் போகும் என்று நான் சொல்லவில்லை. நாம் 'அவருக்கு' உதவுகிறோம். பிரெஞ்சுக்காரர் 'அவரை' உதவுகிறார். நாம் 'அவரை' மன்னிக்கிறோம். அவர்கள் 'அவருக்கு' மன்னிக்கிறார்கள். நாம் 'அவரிடம்' கேட்போம், சொல்வோம். அங்கே அதற்கும் 'லுய்' தான். இப்படி முரண்படுகிற வினைகளைத் தனியே ஒரு பக்கத்தில் எழுதி வைத்தால் போதும்.

பிரான்சில் இருக்கும் நம் பேரப்பிள்ளைகளில் பலர் இரண்டாவது அயல்மொழியாக ஸ்பானிஷ் எடுக்கிறார்கள். அங்கே நம் கு இன்னும் நன்றாக வேலை செய்கிறது. 'எனக்குப் பிடிக்கும்' என்பதற்கு ஸ்பானிஷில் 'மெ குஸ்தா'. 'எனக்குத் தலை வலிக்கிறது' என்பதற்கு 'மெ துவேலெ லா கபேசா'. இரண்டிலும் 'மெ' என்பது எனக்கு. ஆங்கிலமோ 'ஐ லைக்' என்று 'நான்' என்பதையே முன்னே நிறுத்தும். ஒரே ஒரு வேடிக்கை உண்டு. அவருக்கு என்பதற்கு அங்கே 'லே'; அதை என்பதற்கு 'லோ'. இரண்டும் சேர்ந்து வந்தால் 'லே' என்பது 'செ' ஆகிவிடும். மாங்கனி கொடுத்த கதை அங்கே 'செ லோ தா' என்று வரும். மாம்பழம் ஸ்பானிஷில் ஆண்பால்.

நமக்கு வடக்கே தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்கு, தமிழ் கற்று லத்தீனில் ஒரு தமிழ் இலக்கணம் எழுதினார். 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. நம் வேற்றுமைகளை அவர் தமக்குத் தெரிந்த லத்தீன் வேற்றுமைகளின் பெயரிட்டே தம்மவர்க்கு விளக்கினார். அவர் தம் கையில் இருந்த விளக்கைக் கொண்டு நம் மொழிக்குள் வந்தார். நம் கையில் நன்னூல் இருக்கிறது. கொடை, பகை, நட்பு, தகுதி, முறை என்று கு எங்கெங்கே வரும் என்பதை அதில் வகைப்படுத்தியே வைத்திருக்கிறார்கள். அதைப் பெட்டியில் பூட்டிவிட்டு, வேற்றுமை உருபுகளை என்றோ உதிர்த்துவிட்ட ஆங்கிலத்திடம் நாம் ஏன் விளக்கு இரவல் கேட்க வேண்டும்?

'வகுப்பில் தமிழ் பேசினால் பிரெஞ்சு வராது' என்று சில ஆசிரியர்கள் சொல்கிறார்கள். வகுப்பு முழுவதும் தமிழில் நடக்கட்டும் என்று நான் கேட்கவில்லை. ஆங்கிலத்தில் விளக்கம் தருகிற அந்த ஐந்து நிமிடத்தைத் தமிழுக்குக் கொடுங்கள் என்கிறேன். ஆங்கிலவழிப் பள்ளியில் படித்து ஐ, ஆல், கு என்ற வரிசையையே கேள்விப்படாத பிள்ளைக்கு அந்த ஐந்து நிமிடத்தில் தமிழிலக்கணமும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும்.

ஆசிரியர்கள் செய்யாவிட்டாலும் நாம் செய்யலாம். பேரனோ பேத்தியோ பிரெஞ்சுப் பாடத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தால், உங்களுக்குப் பிரெஞ்சு தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பிறகு ஒரே கேள்வி கேளுங்கள்: 'அவரையா, அவருக்கா?'