கரியாலூர் டிரிப் போன கார் ஏன் நாறுது? ஷாம்பூ வாஷில் நடக்கும் தப்பு இதுதான்!

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கச்சிராயபாளையம் ரோட்டில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வரும் கார்களில் பாதிக்கு மேல் கண்ணாடியை இறக்கிவிட்டபடியே வரும். மலைக்காற்றுக்காக மட்டும் இல்லை. அருவியில் நனைந்த துணி, செருப்போடு ஏறிய செம்மண், கொண்டை ஊசி வளைவில் தாக்குப்பிடிக்காத குழந்தையின் வாந்தி, பின்சீட்டில் கவிழ்ந்த புளிசாதம் எல்லாம் சேர்ந்து உள்ளே ஒரு வாசம் கிளம்பியிருக்கும். திங்கட்கிழமை காலையில் அதே காரில்தான் ஆபீஸ் போக வேண்டும்.

அதனால் மறுநாளே வண்டி வாட்டர் வாஷ் கடைக்குப் போகிறது. 'இன்டீரியர் டீப் கிளீனிங்' என்று போர்டில் இருக்கும். ஒரு பக்கெட் நுரை, ஒரு பிரஷ், இரண்டு மணி நேர வேலை, கடைசியில் ஒரு ஸ்பிரே. சில ஆயிரம் ரூபாய் கொடுத்து வண்டியை எடுத்து வந்தால் சீட் பளிச்சென்று இருக்கிறது, மல்லிகை வாசம் வேறு. மூன்றாம் நாள் கதவைத் திறந்தால் ஈரத் துணியை மூட்டை கட்டி வைத்த மாதிரி ஒரு வாடை. "காசு கொடுத்தும் வேலை சரியில்லை" என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். ஆனால் வேலை குறைந்ததால் வந்த வாடை இல்லை அது. தண்ணீர் அதிகமானதால் வந்தது.

சீட்டுக்குள் என்ன இருக்கிறது?

மேலே தெரியும் துணி பெரும்பாலும் பாலியெஸ்டர். அதன் முதுகில் மெல்லிய ஸ்பாஞ்ச் ஒட்டியிருக்கும். அதற்குக் கீழே சில அங்குல கனத்துக்குப் பாலியூரித்தேன் ஃபோம். கார்ப்பெட்டும் இப்படித்தான். மேலே செயற்கை இழை, அதன் அடியில் சத்தத்தைத் தடுக்கும் தடிமனான ஃபெல்ட் அல்லது ஃபோம், அதற்கும் கீழே இரும்புத் தரை. மேல் துணி அரை நாளில் காய்ந்துவிடும். அடியில் இறங்கிய தண்ணீருக்கு வெளியே வர வழியே கிடையாது. ஈரம் 24 முதல் 48 மணி நேரம் தங்கினாலே பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். கதவை மூடி வெயிலில் நிறுத்திய கார் அதற்கு நல்ல வெதுவெதுப்பான வீடு.

துடைத்த கறை திரும்ப வருவதும் இதனால்தான். ஃபோம் வரை இறங்கிய அழுக்கு, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி, மேல் துணி காயும்போது ஈரத்தோடு மெல்ல மேலே ஏறுகிறது. தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், அழுக்கு மேலேயே உட்கார்ந்துகொள்ளும். கறையை மட்டும் நனைத்துத் தேய்த்த இடத்தில் வட்டமாக ஒரு கோடு விழுவதும் இதே கணக்குதான். சீட்டில் ஒரு தையலில் ஆரம்பித்தால் அடுத்த தையல் வரை முழுசாகத் துடைத்துவிட வேண்டும், நடுவில் நிறுத்தக் கூடாது.

செம்மண்ணுக்குத் தண்ணீர் எதிரி

கல்வராயன் மலைக்குப் போய் வந்த வண்டியில் முதல் தப்பு, ஈரச் சேற்றை உடனே துடைப்பது. செம்மண்ணின் சிவப்பு, இரும்பு ஆக்சைடு. அது தண்ணீரிலும் கரையாது, சோப்பிலும் கரையாது. ஈரமாகத் தேய்த்தால் மாவு மாதிரி நைசாகி இழைக்குள் இன்னும் ஆழமாகப் போகும். அப்படியே விட்டுவிடுங்கள். நன்றாகக் காய்ந்து பொறுக்குத் தட்டட்டும். அப்புறம் பிரஷால் தட்டித் தட்டி வாக்வம் போட்டால் பெரும்பாலான மண் தண்ணீரே படாமல் வந்துவிடும். சீட்டைப் பின்னால் தள்ளி ரெயிலுக்கு இடையிலும், முன்னால் தள்ளி அடியிலும் ஒருமுறை போட வேண்டும். டீப் கிளீனிங்கில் யாரும் பாராட்டாத, ஆனால் தவிர்க்கவே கூடாத வேலை இதுதான். நிறையக் கடைகளில் இதைத்தான் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள்.

ஆன்லைனில் வாங்கும், லைட்டர் சாக்கெட்டில் செருகும் குட்டி வாக்வத்தை நம்பி இறங்க வேண்டாம். 12 வோல்ட் சாக்கெட் பொதுவாக 10 முதல் 15 ஆம்பியர்தான் தாங்கும். கணக்குப் போட்டால் 120 முதல் 180 வாட். வீட்டு வாக்வம் 1,000 வாட்டுக்கு மேல். முறுக்குத் தூளுக்குக் குட்டி மெஷின் போதும், செம்மண்ணுக்குப் போதாது.

எந்தக் கறைக்கு என்ன?

எல்லாவற்றுக்கும் ஒரே ஷாம்பூ என்பது சோம்பேறித்தனம். வாந்தியும் பாலும் புரதம் கலந்தவை. வெந்நீர் ஊற்றினால் முட்டை வெந்த மாதிரி இழையோடு இறுகிவிடும். பழைய ஏ.டி.எம். கார்டு மாதிரி எதையாவது வைத்து வழித்து எடுத்து, குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். அதன்பின் என்சைம் உள்ள சலவைத் திரவத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கலந்து தடவிச் சில நிமிடம் விட வேண்டும். காய்ந்த பிறகும் வாசம் இருந்தால் சமையல் சோடாவை ராத்திரி தூவி வைத்துக் காலையில் வாக்வம் போடலாம்.

குழம்புக் கறையில் ஒரு வேடிக்கை உண்டு. சோப்புப் போட்டதும் மஞ்சள் கறை ரத்தச் சிவப்பாகிவிடும். பயப்பட ஒன்றுமில்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும். குங்குமம் தயாரிக்கும் பழைய முறையே அதுதான். எண்ணெய்ப் பிசுக்கைப் பாத்திரம் கழுவும் திரவத்தில் எடுத்துவிட்டு, சோப்பையும் ஒற்றி நீக்கிவிட்டு, வண்டியை வெயிலில் நிறுத்துங்கள். குர்குமினுக்கு வெளிச்சம் ஆகாது, சில நாளில் தானே மங்கும். மலைத்தேன் பாட்டில் கவிழ்ந்ததா? அது வெறும் சர்க்கரை, வெதுவெதுப்பான தண்ணீரே போதும். பலாப்பழப் பால் ஒட்டியிருந்தால் தண்ணீரால் ஒன்றும் ஆகாது. முதலில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய், அப்புறம் சோப்பு.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. பாத்ரூம் ஆசிடும் பிளீச்சிங்கும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய காருக்குள் அது விளையாட்டில்லை. வாஷ் கடைகளில் கிளவுஸ்கூட இல்லாமல் காருக்குள் குனிந்து வேலை பார்க்கும் பையன்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுப்பது கிடையாது. "அண்ணே, சீக்கிரம் முடிச்சுக் குடுங்க" என்று அவசரப்படுத்தும் கஸ்டமருக்கும் இதில் பங்கு உண்டு.

ஊற்றுவதல்ல, உறிஞ்சுவதுதான் வேலை

நல்ல கடையை எப்படிக் கண்டுபிடிப்பது? "எந்த ஷாம்பூ போடுவீங்க?" என்று கேட்காதீர்கள். "தண்ணியை எப்படி உறிஞ்சுவீங்க?" என்று கேளுங்கள். தெளித்த கையோடு அழுக்குத் தண்ணீரை இழுத்துவிடும் எக்ஸ்ட்ராக்டர் மெஷின் இருந்தால் வண்டியை விடலாம். பக்கெட்டும் துண்டும் மட்டும் என்றால் யோசிக்கலாம். நுரையைப் போட்டுத் துடைத்துவிட்டு, வெறும் தண்ணீர் தெளித்து இன்னொரு முறை உறிஞ்ச வேண்டும். உள்ளே தங்கிய சோப்பு பிசுபிசுப்பாகிப் புது அழுக்கை இழுக்கும். ஷாம்பூ போட்ட சீட் முன்னைவிடச் சீக்கிரம் கறுப்பதற்குக் காரணம் அதுதான்.

இப்போதைய கார்களில் சீட்டுக்கு அடியில் ஒயர் ஓடுகிறது. 2019 ஜூலை முதல் சீட் பெல்ட் எச்சரிக்கை கட்டாயம் என்பதால் அதன் கனெக்டரும், சில வண்டிகளில் சைடு ஏர்பேக் ஒயரும் அங்கேதான். மஞ்சள் நிற கனெக்டர் கண்ணில் பட்டால் கை வைக்கக் கூடாது, அது ஏர்பேக்குடையது. மாருதியின் ஸ்மார்ட் ஹைப்ரிட் எர்டிகாவில் முன்பயணி சீட்டுக்கு அடியில் லித்தியம் பேட்டரியே இருக்கிறது. அங்கே பக்கெட் நுரையைக் கவிழ்ப்பது எவ்வளவு பெரிய தப்பு என்று சொல்லவே வேண்டாம். மேல்கூரைத் துணியையும் ஊற வைக்கக் கூடாது. பசையில்தான் நிற்கிறது, ஊறினால் தொங்கிவிடும்.

மீதி வேலை காயவைப்பது. ஃபுட் மேட்டை எல்லாம் வெளியே எடுத்துவிட்டு, நான்கு கதவையும் திறந்து வைத்து டேபிள் ஃபேன் போடலாம். வண்டி ஓடும்போது ஏ.சி. போட்டு, வெளிக்காற்று வரும் மோடில் வைத்தால் ஈரத்தை அது வெளியேற்றும். ஐப்பசி, கார்த்திகையில் கரியாலூர்ப் பக்கம் பனியும் மழையுமாக இருக்கும்போது மேலேயே வண்டியைக் கழுவுவது வீண் வேலை. அந்த மாதங்களில் மண்ணை மட்டும் எடுத்துவிட்டு, கீழே இறங்கி நல்ல வெயில் நாளாகப் பார்த்து ஈர வேலையை வைத்துக்கொள்ளலாம்.

எங்கேயும் போகாத காரிலும் முன்பயணி கால் வைக்கும் இடம் மட்டும் ஈரமாக இருந்தால், பல நேரம் குற்றவாளி ஏ.சி. தண்ணீர் வெளியேறும் டியூப். அதில் தூசி அடைத்தால் தண்ணீர் உள்ளே திரும்பிவிடும். அதைச் சரி பண்ணாமல் பத்து முறை டீப் கிளீனிங் செய்தாலும் காசுதான் போகும். கனமான '7டி' மேட் போட்ட கார்களில் இது மாதக்கணக்கில் தெரியாமலே இருக்கும். மேட் அழுக்கை மறைக்கிறது, ஈரத்தையும் சேர்த்தே மறைக்கிறது.

வெள்ளத்தில் நின்ற கார் வேற கேஸ்

சென்னைக்கு 2015 டிசம்பரும் 2023 மிக்ஜாம் புயலும் சொல்லிக்கொடுத்த பாடத்தை, 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி வரை கொண்டுவந்தது. ஊத்தங்கரையில் நிறுத்தியிருந்த வண்டிகள் அடித்துச் செல்லப்பட்டதைப் பலரும் வீடியோவில் பார்த்தார்கள். அந்தத் தண்ணீர் மழைத் தண்ணீர் மட்டும் இல்லை, சாக்கடையும் கலந்தது. சீட் மட்டத்துக்கு அது ஏறியிருந்தால் ஷாம்பூ வேலைக்கு ஆகாது. சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டைத் தூக்கி, அடியில் இருக்கும் ஃபெல்ட்டை மாற்ற வேண்டியிருக்கும். தொடுவதற்கு முன் போட்டோ எடுத்து இன்ஷூரன்ஸுக்குச் சொல்வது முதல் வேலை. ஓன் டேமேஜ் கவர் உள்ள பாலிசியில் வெள்ளச் சேதம் அடங்கும், வெறும் தேர்டு பார்ட்டியில் கிடையாது. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சீட்டைப் புதுசு போலக் காட்டிவிடுவார்கள், சுருளுக்குள் இருக்கும் சேற்றுக் கோட்டை நிறையப் பேர் மறந்துவிடுவார்கள்.

ஓடையில் வண்டி கழுவலாமா?

மலையிலேயே வேலையை முடித்துவிடலாம் என்று பாலத்துக்கு அடியில் வண்டியை இறக்கி, மேட்டையும் சீட் கவரையும் ஓடையில் அலசுகிறவர்கள் இருக்கிறார்கள். அருவியில் குளித்த அதே ஷாம்பூ பாக்கெட், அதே சோப்பு நுரை. அந்த ஓடைகள் இறங்கிப் போய்ச் சேரும் இடங்களில் கோமுகி அணையும் ஒன்று. கள்ளக்குறிச்சி பக்கத்து வயல்களுக்குப் பாயும் தண்ணீர் அது. அதற்கு முன்னாலேயே, ஓடையையும் ஊற்றையும் நம்பிக் குடம் எடுத்து வரும் மலையாளி பழங்குடிக் குடும்பங்கள் வழியில் இருக்கின்றன. மேட்டில் ஒட்டியிருப்பது மண் மட்டும் இல்லை, ரோட்டு ஆயிலும் கிரீஸும் கூட.

மேட்டைப் பாறையில் நாலு தட்டுத் தட்டி, டிக்கியில் ஒரு பழைய பெட்ஷீட்டை விரித்து அதன்மேல் போட்டுக்கொண்டு வரலாம். ஈரத் துணிக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி, குழந்தை உட்காரும் இடத்தில் ஒரு ரப்பர் ஷீட், கதவுப் பையில் நாலைந்து கவர். கிளம்பும்போது இதை எடுத்து வைத்த வண்டி திங்கட்கிழமை வாஷ் கடைக்குப் போக வேண்டிய அவசியமே வராது.