பாக்கின் பெயரால் பொய்ச்சாட்சி சொல்லலாமா?



‘உலகப்புகழ் பெற்ற அந்த ராக் பாடல், பாக் தேவனுக்கென்று இயற்றிய துதிப்பாடலிலிருந்து திருடப்பட்டதுதானே!’ என்று நம்மவருள் சிலர் பெருமிதத்தோடு சொல்லுகிறார்கள். 1967ஆம் ஆண்டில் புரோகல் ஹாரம் என்னும் ஆங்கிலேய இசைக்குழு வெளியிட்ட ‘எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்’ என்னும் பாடலைக் குறித்தே இப்படிச் சொல்லப்படுகிறது. இக்கூற்று சபைக்குப் பெருமை சேர்ப்பதுபோல் தோன்றலாம். ஆயினும் அது உண்மையன்று. உண்மையல்லாததைத் தேவனுடைய பிள்ளைகள் பரப்பலாகாது என்பதே இவ்வாரம் நான் உங்கள்முன் வைக்கும் வாதம்.

இரண்டுக்கும் ஒப்புமை இல்லையென்று நான் சொல்லவில்லை. பாக்கின் மூன்றாம் ஆர்கெஸ்ட்ரா ஸ்வீட்டில் ‘ஏர்’ என்றொரு பகுதி உண்டு. அதிலும் இப்பாடலிலும் அடிச்சுரம் ச, நி, த, ப எனப் படிப்படியாக இறங்குகிறது. அதன்மேல் நீண்டு நிற்கும் ஒரு சுரத்தோடு மெட்டு தொடங்குகிறது. ஹாமண்ட் ஆர்கனின் நாதமோ கேட்பவரை ஆலயத்துக்குள்ளேயே அழைத்துச் செல்லுகிறது. ஆனால், தொடக்கத்துச் சில சுரங்களுக்குப் பின் இரண்டும் தத்தம் வழியே பிரிந்துபோகின்றன. படியிறங்கும் அடிச்சுரமோ பாக்குக்கு முன்னிருந்தவர்களும் கையாண்ட பொதுச்சொத்து. அவரோகணத்துக்கு ஒருவர் பட்டா வாங்க முடியுமோ? பாக்கின் சாயல் உண்டு என்பது ஒன்று; பாக்கின் பாடல் என்பது முற்றிலும் வேறொன்று.

மேலும், அந்த ‘ஏர்’ துதிப்பாடலே அன்று. அது வாத்தியங்களுக்கென்று எழுதப்பட்டது. அதற்குச் சொற்களே இல்லை. அதே ஸ்வீட்டில் அதைத் தொடர்ந்து வருபவை காவோட், பூரே, ஜீக் என்னும் நடன வகைகள். பாக் பக்தியுள்ளவர் என்பதில் ஐயமில்லை. ஆலயத்துக்கென்று இயற்றிய பல படைப்புகளின் முடிவில், தேவனுக்கே மகிமை என்று பொருள்படும் மூன்று எழுத்துகளை அவர் பொறித்துவைத்தார். ஆனால் அவர் துதிப்பாடலென்று சொல்லாததை நாம் துதிப்பாடலாக்குவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

சாயல் கொள்வதெல்லாம் திருட்டு என்றால், முதலில் குற்றவாளிக் கூண்டில் நிற்கவேண்டியவர் பாக் அல்லவா? விவால்டியின் கான்செர்ட்டோக்களை அவர் ஆர்கனுக்கென்று மாற்றி எழுதினார். 1731ஆம் ஆண்டில் விழித்தெழும்படி அழைக்கும் புகழ்பெற்ற கான்டாட்டாவை அவர் இயற்றியபோது, அதன் மூல மெட்டு பிலிப் நிக்கோலாய் என்னும் போதகர் 1599இல் வெளியிட்டதாக இருந்தது. இன்னும் கேளுங்கள். முள்முடி சூடிய சிரசை நோக்கி நாம் பெரிய வெள்ளியன்று கண்ணீரோடு பாடும் ஞானப்பாட்டின் மெட்டு எங்கிருந்து வந்தது? ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் 1601இல் வெளியிட்ட ஒரு காதற்பாட்டிலிருந்து வந்தது! அதையே பாக் தம்முடைய மத்தேயு பாடுகளின் இசையில் மீண்டும் மீண்டும் பயன்படுத்தினார். உலகத்தாரிடமிருந்து சபை பெற்றுக்கொண்டால் அது பரிசுத்தமாக்குதல், சபையிடமிருந்து உலகத்தார் பெற்றுக்கொண்டால் அது களவு என்பது எந்த நியாயம்? இரண்டு வகையான எடைக்கற்களைக் கர்த்தர் அருவருக்கிறார் என்று நீதிமொழிகள் நம்மை எச்சரிக்கவில்லையா?

நாம் இல்லாத திருட்டைப் பேசிக்கொண்டிருக்கையில், இப்பாடலில் மெய்யாகவே நிகழ்ந்த அநீதியைக் காணத் தவறினோம். அந்த ஆர்கன் மெட்டை அமைத்து வாசித்தவர் மேத்யூ ஃபிஷர். பாடலாசிரியர்களாகக் குறிக்கப்பட்டவர்களோ கேரி புரூக்கரும் கீத் ரீடும் மட்டுமே. ஃபிஷர் 2005இல் வழக்குத் தொடுத்தார். 2006இல் இசையுரிமையில் 40 விழுக்காடு அவருடையது என்று உயர்நீதிமன்றம் தீர்த்தது. 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை இணையாசிரியர் என்று ஏற்றும், காலதாமதத்தைக் காரணங்காட்டி வருவாய்ப் பங்கை மறுத்தது. 2009இல் பிரபுக்கள் சபை அப்பங்கை அவருக்குத் திரும்ப அளித்தது. அதாவது, தன் கையின் வேலைக்குரிய பெயரும் பங்கும் கிடைக்க அம்மனிதர் 40 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார். ‘அதெல்லாம் பாக்கினுடையது’ என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடும்போது, அவருடைய உழைப்பை மறுபடியும் மறைக்கிறோம். கூலி பிடித்துவைக்கப்பட்டவர்களின் கூக்குரல் கர்த்தருடைய செவியில் எட்டுகிறது என்பதை யாக்கோபின் நிருபத்தில் வாசிக்கும் நமக்கு இது தகுமா?

‘இது சிறிய காரியந்தானே, ஐயா? நல்ல நோக்கத்தோடுதானே சொல்லுகிறோம்?’ என்று நீங்கள் கேட்கலாம். சிறிய காரியமாயிருப்பதினாலேயே இது ஆபத்தானது. நம் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு இசைகளையும் கைபேசியில் அடுத்தடுத்துக் கேட்டு, சில நிமிடங்களில் நம் கூற்றைச் சோதித்துவிடுவார்கள். அவர்கள் சோதிக்கக்கூடிய காரியத்தில் நாம் பொய்யராகக் காணப்பட்டால், கல்லறை வெறுமையாயிருந்தது என்று நாம் சொல்லும் சாட்சியை எதைக்கொண்டு நம்புவார்கள்? ஒன்பதாம் கட்டளை பிறனுக்கு விரோதமான பொய்ச்சாட்சியை விலக்குகிறது. ராக் இசைக்கலைஞனும் நமக்குப் பிறனே.

அப்பாடலை ஆராதனையில் பாடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதன் சொற்களில் விசுவாசத்துக்கு அடுத்தது ஒன்றுமில்லை. நான் கேட்பது இவ்வளவே: பாக்குக்குரியதைப் பாக்குக்கும், ஃபிஷருக்குரியதை ஃபிஷருக்கும் கொடுங்கள். உறுதியாய் அறியாத பெருமையைப் பரப்பாதிருங்கள். நம் தேவன் சத்தியமுள்ளவர். அவருடைய மகிமைக்கு நம்முடைய மிகைக்கூற்று தேவையில்லை.

சத்தியத்தின் ஆவியானவர் இந்த வாரம் முழுவதும் உங்கள் நாவைக் காத்து நடத்துவாராக. ஆமென்.