மேலே கதிரவன், கீழே உழவன்!

மேலே கதிரவன் மின்சாரம் வழங்குவான். கீழே மண் மகசூல் வழங்கும். ஒரே நிலம், இரண்டு அறுவடை! கேட்கும்போதே இனிக்கிறதன்றோ? நமக்கும் இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் இனிப்பைக் கண்டதும் வாய் திறப்பது குழந்தையின் குணம். அதை நீட்டுகின்ற கை யாருடையது என்று பார்ப்பது குடிமகனின் கடமை.

இது வெறுங் கனவன்று, தோழர்களே! சூரியத் தகடுகளைத் தரையிலே படுக்க வைக்காமல், உயர்த்தி நிறுத்தி, இடைவெளி விட்டு, அடியிலே பயிர் செய்யலாம் என்று 1981இல் ஜெர்மானிய அறிஞர்கள் கோட்ஸ்பெர்கரும் சாஸ்ட்ரோவும் எழுதினர். 2016இல் அந்நாட்டு ஹெக்கல்பாக் பண்ணையிலே அதைச் செய்தே காட்டினர். வெயில் கொளுத்திய 2018இல், தகட்டு நிழலில் விளைந்த கோதுமையும் உருளைக்கிழங்கும் வெட்டவெளியில் விளைந்தவற்றை விஞ்சின. நிழல் மண்ணின் ஈரத்தைக் காத்தது. ஈரம் பயிரைக் காத்தது.

இங்கே, 2019இல் ஒன்றிய அரசு தொடங்கிய 'குசும்' திட்டம், 2 மெகாவாட் வரையிலான சிறு மின் நிலையங்களை உழவர் நிலத்திலே அமைக்க வழி திறந்தது. விளைநிலமாயின் தகடுகளைத் தூண்மேல் ஏற்றலாம் என்றது. துணை மின் நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருத்தல் நலம் என்றது. ஒரு மெகாவாட்டுக்கு ஏறத்தாழ நான்கைந்து ஏக்கர் வேண்டும்.

மின்சாரத்தை உண்ணும் வாய்களுக்குத் திருவள்ளூர் மாவட்டத்திலே பஞ்சமா? கும்மிடிப்பூண்டியின் இரும்புருக்கு ஆலைகள் பகலெல்லாம் பசித்திருக்கின்றன. கதிரவனும் பகலிலேதான் படியளக்கிறான். பொருத்தம் நன்று. ஆனால் எந்த நிலத்திலே?

ஆரணியாறும் கொசத்தலையாறும் வளமூட்டும் பொன்னேரி வட்டாரத்து நெல்வயலிலா? நெல், வெயில் குடித்து வளரும் பயிர். நிழல் மிகுந்தால் மணி குறையும். தாழ்ந்த தூண்களுக்கிடையே அறுவடை இயந்திரம் நுழையவும் முடியாது. அந்த வயலை விட்டுவிடுக! ஏரியின் நீர்ப்பிடிப்பிலா? கூடவே கூடாது.

"தரிசு இருக்கிறதே, மேய்க்கால் கிடக்கிறதே" என்பர் சிலர். தேர்வாய் கண்டிகையைக் கேளுங்கள்! ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் அங்கே சிப்காட் தொழிற்பேட்டை ஆயிற்று. மிச்செலின் டயர் ஆலை எழுந்தது. எங்கள் மேய்ச்சல் நிலம் போகிறதே என்று ஊரார் எதிர்த்து நின்றனர். அலுவலக அகராதியிலே மேய்க்கால் என்றால் காலி இடம். ஏழையின் அகராதியிலே பால், எரு, விறகு, மகளின் திருமணம்!

பிறகு எது தகுந்த நிலம்? நீரை அளவின்றி இறைத்ததால் கடல் உட்புகுந்து, கிணறுகள் உப்பேறிய மீஞ்சூர்ப் பக்கம் உண்டு. நெல்லைக் கைவிட்ட அந்நிலங்களிலே முதற் சோதனை நடக்கட்டும். கிணற்றுப் பாசனத்தில் கீரையும் மஞ்சளும் போடும் சிறு தோட்டங்கள் உண்டு; அளவான நிழலை அப்பயிர்கள் பொறுக்கும். ஆலைப் புகைபோக்கிக்கு அருகே வேண்டாம். தூசி படிந்த தகடு, கண்புரை விழுந்த கண். தூணும் உறுதியாகட்டும், 2016 டிசம்பரில் வர்தா புயல் இக்கரையிலேதான் ஏறியது.

இவையெல்லாம் பொறியாளர் அளக்கக்கூடியவை. எந்த அளவுகோலுக்கும் அகப்படாத கேள்வி ஒன்று எஞ்சுகிறது. அந்த நிலத்தை உழுகிறவன் யார்?

பட்டா ஒருவர் பெயரில். பாடு இன்னொருவர் தோளில். குத்தகை உழவரைக் காக்க 1955இலேயே சட்டம் வந்தது. அவர் உரிமையைப் பதிவேட்டில் ஏற்ற 1969இல் மற்றொரு சட்டம் வந்தது. ஆயினும் வாய்ச்சொல்லை நம்பி உழுது, ஏட்டிலே பெயரின்றி வாழ்வோர் இன்றும் உண்டு. 25 ஆண்டு மின் ஒப்பந்தம் வந்ததும் என்ன நிகழும்? வாடகை பட்டாதாரருக்கு, மின்சாரம் ஆலைக்கு, உழுதவனுக்கோ வெளியே போகும் வழி! நாடகத்திலே நாயகனை முதற்காட்சியிலேயே வெளியேற்றிவிட்டு, மேடைக்கு விளக்கு மட்டும் போட்டால், அதற்குப் பெயர் முன்னேற்றமா?

ஜப்பானைப் பாருங்கள். தகட்டின் கீழ் விளைச்சல், அவ்வட்டாரச் சராசரியில் நூற்றுக்கு எண்பதுக்குக் குறையலாகாது என்று 2013இல் விதி வகுத்தனர். உழவு இல்லையேல் தூணுக்கும் இடமில்லை!

அதைத்தான் கேட்கிறோம். ஒப்பந்தத்திலே உழுபவர் பெயரும் அவர் பங்கும் ஏறட்டும். ஆண்டுதோறும் விளைச்சல் அளக்கப்படட்டும். பொது நிலமாயின் கிராம சபை முடிவு செய்யட்டும். இந்த மூன்றும் இல்லாத இடத்திலே வெயில் எவ்வளவு அடித்தாலும், மின்கம்பி எவ்வளவு அருகிலிருந்தாலும், அது தகுந்த நிலமன்று.

கதிரவனை வரவேற்போம், இரு கை நீட்டி வரவேற்போம். ஆனால், நிலத்திலே தூண் நடுமுன், ஏட்டிலே உழவன் பெயரை நடுக!