எண்ணப்படாத ஜனங்கள்

சாக்ஷிகளை விசாரியாமல் தீர்ப்புச் சொல்லும் நியாயாதிபதியை ஒருவரும் மதியார். ஆனால், நமது நகரங்களில் பாலமும் பாதையும் எங்கே அமைய வேண்டுமென்று தீர்மானிப்போர், முக்கியமான சாக்ஷிகளைக் கூப்பிடாமலே கோடிக்கணக்கான ரூபாய்க்குத் தீர்ப்பு எழுதி வருகிறார்கள். கூப்பிடப்படாத அந்தச் சாக்ஷிகள் யார்? நடந்து செல்லும் ஜனங்களும், பஸ்ஸில் நெருங்கி நின்று செல்லும் ஜனங்களுமே.

நாற்சந்தியில் போக்குவரத்துக் கணக்கெடுக்கும் முறையைக் கவனியுங்கள். அங்கே எண்ணப்படுவது வண்டி; மனிதனல்ல. எல்லா வண்டிகளையும் கார் என்னும் ஒரே அளவுகோலுக்கு மாற்றி, ஒரு பஸ்ஸைச் சுமார் மூன்று காராக மதிக்கிறார்கள். வீதியில் வண்டி அடைக்கும் இடத்தை அளப்பதற்கு இது பொருந்தும். ஆனால் அறுபது பேரைச் சுமந்துவரும் பஸ், ஓரிருவர் அமர்ந்த மூன்று காருக்குச் சமானமென்று ஏட்டில் பதிவாகும்போது, அந்த அறுபது பேரும் மறைந்து போகிறார்கள். நடந்து செல்வோனுக்கோ அவ்வேட்டில் இடமே இல்லை. இத்தகைய ஏட்டைப் புரட்டினால் ‘மேம்பாலம் வேண்டும்’ என்ற விடை வரும். ‘நடைபாதை வேண்டும்’ என்ற விடை எவ்வாறு வரும்?

உண்மை நிலைமை யாது? 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில், விவசாயமும் வீட்டுத்தொழிலும் அல்லாத வேலை செய்வோரை, வேலைக்கு எவ்வாறு செல்கிறீர்கள் என்று கேட்டார்கள். தேச முழுவதிலும் நடந்து செல்வோர் நூற்றுக்கு 22 பேருக்கு மேல். பஸ்ஸில் செல்வோர் சுமார் 11 பேர். காரில் செல்வோர் 3 பேருக்கும் குறைவு. பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளையும், சந்தைக்கும் வைத்தியசாலைக்கும் செல்லும் ஸ்திரீகளையும் அக்கேள்வி தொடவே இல்லை. அவர்களையும் சேர்த்தால் நடப்போர் தொகை இன்னும் உயரும் என்பதில் சந்தேகமுண்டோ? 2021-ல் எடுத்திருக்க வேண்டிய கணக்கோ எடுக்கப்படவில்லை. 2027-க்குத் தள்ளிப் போடப்பட்டது. பதினாறு வருஷத்தில் ஒரு நகரம் எவ்வளவு மாறும்!

பஸ், ரயில் சீட்டுக் கணக்குப் போதாதா என்று சிலர் வினவலாம். போதாது. பஸ்ஸில் வந்து ரயிலுக்கு மாறுகிறவன் சீட்டுக் கணக்கில் இரண்டு மனிதனாகிறான். பஸ்ஸே வராத பேட்டையில் ஒருவரும் சீட்டு வாங்குவதில்லை. அதைக் கொண்டு அங்கே பஸ் தேவையில்லை என்று சொல்வது நியாயமாகுமா? சென்னையில் பறக்கும் ரயில் 1995-ல் ஓடத் தொடங்கி, 2007-ல் வேளச்சேரியை எட்டியது. எதிர்பார்த்த ஜனக்கூட்டம் நெடுங்காலம் வரவில்லை. ரயிலை விட்டிறங்கியவன் வீடு சேர எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், எந்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதை முதலிலேயே போதிய அளவு கவனியாதது அதற்கு ஒரு முக்கிய காரணம்.

வீடு வீடாகச் சென்று விசாரிப்பது பெருஞ்செலவு என்பர். ஒரு மைல் மெட்ரோ ரயில் பாதைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது அற்பம். சென்னையின் போக்குவரத்தை ஒருங்கே நடத்தவென்று 2010-ல் சட்டம் செய்தார்கள். அது அமலுக்கு வந்தது 2019-ல். ஒரு சட்டம் ஒன்பது வருஷம் உறங்கலாம். ஜனங்கள் தினமும் காலையில் வேலைக்குப் போயாக வேண்டும்.

நாம் கேட்பவை மூன்று. வண்டிகளை எண்ணுமிடத்தில் மனிதரையும் எண்ண வேண்டும், நடப்போரை விடலாகாது. ஜனத்தொகைக் கணக்கில் பிரயாணத்தைப் பற்றிய கேள்வி நிலைத்திருப்பதோடு, மாணவர்க்கும் ஸ்திரீகளுக்கும் விரிய வேண்டும். சேகரித்த கணக்கை, தனிமனிதரின் பெயரும் விலாசமும் நீக்கி, வார்டு வாரியாகத் தமிழில் பிரசுரிக்க வேண்டும். அது ஜனங்களின் வரிப்பணத்தில் விளைந்த ஜனங்களின் சொத்து.

சர்க்கார் செய்யும்வரை நாம் கைகட்டி நிற்க வேண்டுவதில்லை. ஒவ்வொரு வார்டிலும் நமது ஊழியர் நால்வர் ஒரு நாள் காலை மூன்று மணி நேரம் தெருமுனையில் நின்று, வண்டிகளை விடுத்துத் தலைகளை எண்ணட்டும். அந்தத் தொகையோடு நகரசபைக் கவுன்ஸிலரின் வாசலுக்குச் செல்லட்டும். குறையைச் சொல்லி முறையிடுவோனுக்குச் சமாதானம் சொல்லி அனுப்பிவிடலாம். கணக்கோடு வந்து நிற்பவனுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.