காப்புறுதி அட்டை கல்முனைக்கு என்ன செய்யும்?

இலங்கையில் வறிய குடும்பங்களுக்கும் தமிழ்நாட்டில் உள்ளதைப் போன்றதொரு மருத்துவக் காப்புறுதித் திட்டம் வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுந்து அடங்குகிறது. (தமிழகத்து வாசகர்கள் காப்பீடு என்பதையே நாங்கள் காப்புறுதி என்கிறோம்.) கேட்பதற்கு நல்ல யோசனைதான். ஆனால் அம்பாறைக் கரையோரத்தில் வாழும் ஒரு நெசவாளிக்கோ மீனவருக்கோ அந்த அட்டை எதற்கு உதவும் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

தமிழ்நாட்டில் 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. 2012இல் ஜெயலலிதா அரசு அதனை மாற்றியமைத்தது. 2018இல் மத்திய அரசின் திட்டத்துடன் அது இணைந்தது. இன்று ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் இந்திய ரூபா வரை பாதுகாப்பு உண்டு. அங்கே மதுரையிலும் கோயம்புத்தூரிலும் வேலூரிலும் பெரிய மருத்துவமனைகள் இருக்கின்றன. அரசு மருத்துவமனைகளும் அதே திட்டத்தில் சிகிச்சை அளித்துப் பணம் பெறுகின்றன. அட்டையை நீட்டுவதற்கு அருகிலேயே ஓர் இடம் இருக்கிறது.

கல்முனையில் நீட்டுவதற்கு இடம் எங்கே? ஒரே நகரில் இரண்டு ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன: அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை. முன்னையதை முஸ்லிம்களின் வைத்தியசாலை என்றும் பின்னையதைத் தமிழர்களின் வைத்தியசாலை என்றும் ஊரார் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நோய்க்கு அந்த வேறுபாடு தெரியாது என்பது வேறு விடயம். இரண்டிலும் முடியாத சிகிச்சைக்கு மட்டக்களப்பு. அங்கும் முடியாவிட்டால் கொழும்பு. இருதய சத்திர சிகிச்சை செய்யும் தனியார் வைத்தியசாலைகள் ஏறக்குறைய அனைத்தும் கொழும்பில்தான் உள்ளன. ஆகவே இங்கே காப்புறுதி அட்டை என்பது கொழும்புக்குப் பஸ் ஏறுவதற்கான அனுமதிச் சீட்டாகவே முடியும். அரசு கட்டும் காப்புறுதிக் கட்டணமும் அந்தப் பஸ்ஸிலேயே கொழும்புக்குப் போய்விடும்.

இந்நாட்டில் அரசாங்க வைத்தியசாலைக் கட்டணங்கள் 1951இலேயே நீக்கப்பட்டன. 1971இல் வெளிநோயாளர் ஒவ்வொருவரிடமும் 25 சதம் அறவிட்டுப் பார்த்தார்கள். 1977இல் வந்த ஆட்சி அதனையும் கைவிட்டது. கட்டில் இலவசம், வைத்தியர் இலவசம், சத்திர சிகிச்சையும் இலவசம். அப்படியிருந்தும் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் ஏறத்தாழப் பாதி மக்களின் சட்டைப்பையிலிருந்தே போகிறது. இதற்குக் கணக்கு வல்லுநர் தேவையில்லை. வாட்டில் படுத்திருப்பவரின் மகனிடம் ஒரு துண்டு கொடுக்கப்படுகிறது: இந்த மருந்து இங்கே இல்லை, வெளியே வாங்குங்கள். இந்த இரத்தப் பரிசோதனையை வெளியே செய்து வாருங்கள். ஸ்கேனுக்கு வரிசை நீளம், அவசரமென்றால் தனியாரிடம் போங்கள். 2022இல் நாடு கடனைக் கட்டமுடியாமல் நின்றபோது அந்தத் துண்டு மேலும் நீண்டது. அதன் பின்னர் கொழும்புப் பயணம், உடன் செல்பவரின் சாப்பாடு, தங்குமிடம், இழந்த நாட்கூலி. அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்ணும் குடும்பத்தைக் கடைசியில் சொன்ன அந்தக் கூலியே முதலில் சாய்க்கிறது.

இன்றைக்கும் இச்செலவை ஓரளவு தாங்குவது ஊர்தான். ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்தில் இன்னாருக்கு ஒப்பரேஷன் என்று அறிவிப்பார்கள். விரித்த துண்டில் நூறும் ஐந்நூறும் விழும். ஸகாத் நிதியிலிருந்து ஒரு தொகை வரும். பெருமைக்குரிய வழக்கம்தான். ஆனால் தன் நோயை ஊருக்கு முன்னால் வைக்க விரும்பாத பெண்ணுக்கு அது எட்டாது. ஒரே மாதத்தில் மூன்று பேர் விழுந்தால் மூன்றாமவருக்கும் எட்டாது.

அரசின் காப்புறுதி யாருக்கு இருக்கிறது என்று பாருங்கள். அரசாங்க ஊழியருக்கு அக்ரஹார. பாடசாலைப் பிள்ளைகளுக்கு 2017இல் தொடங்கிய சுரக்ஷா. அது 2022 இறுதியில் நின்று, 2024இல் மீண்டும் வந்தது. மருதமுனையில் தறியில் இருக்கும் தந்தைக்கு இரண்டும் இல்லை. அவர் இறந்தால் சுரக்ஷாவில் பிள்ளைக்கு ஒரு தொகை கிடைக்கலாம். உயிரோடு இருந்து நோயில் கிடந்தால் ஒன்றும் கிடையாது. இத்தகைய ஓர் ஏற்பாட்டைச் சிந்தித்தவர் யாரோ!

காப்புறுதி மார்க்கத்துக்கு ஏற்றதா என்ற கேள்வியும் இப்பக்கத்தில் எழும். 1999 முதலே இலங்கையில் தகாபுல் நிறுவனம் இயங்கி வருகிறது. அரசே கட்டணம் செலுத்தும் திட்டத்தில் அது பெரிய தடையாகாது என்பது என் எண்ணம், ஆலிம்கள் சொல்லட்டும்.

காப்புறுதிக் கம்பனிக்குக் கொடுக்க அரசிடம் பணம் இருக்குமானால், அது முதலில் இவ்விரு வைத்தியசாலைகளின் ஆய்வுகூடங்களுக்கும் மருந்துக் களஞ்சியங்களுக்கும் வரவேண்டும். வெளியே எழுதிக் கொடுக்கப்படும் துண்டைப் பாமசிக்காரர் ஏற்றுக்கொண்டு, அதற்கான பணத்தை வைத்தியசாலையிடமே பெறட்டும். கொழும்புக்கு அனுப்பப்படும் நோயாளிக்கும் உடன் செல்பவருக்கும் பயணப்படியும், வேலைக்குப் போகமுடியாத நாட்களுக்கு ஒரு கொடுப்பனவும் கிடைக்கட்டும். சிறுநீரக நோயாளருக்கு அஸ்வெசும வழியாக மாதந்தோறும் பணம் போகிறது. அதே வழியை ஏனையோருக்கும் திறக்கலாம். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்க முடிகிறது. முன்பெல்லாம் அதற்கும் கொழும்பையே நாடவேண்டியிருந்தது. படிவம் கல்முனைக்கு வந்துவிட்டது; ஸ்கேனும் மருந்தும் வருவதற்கு இன்னும் எத்தனை தேர்தல் வேண்டும் என்பதை இங்கே வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம்தான் கேட்க வேண்டும்.